வீட்டிலேயே கழித்த கோடை விடுமுறை: காசு கரைந்த கதை

கோடை விடுமுறைக்கு எங்கேயும் போகாமல் வீட்டிலேயே இருந்தால் காசு மிச்சமாகும் என்று யாராவது சொன்னால் அப்படியே நம்பிவிடாதீர்கள். மிச்சமாகும்தான், ஆனால் தானாக ஆகாது. இந்த வருஷம் வீட்டில் திடீரென்று ஒரு பெரிய ரிப்பேர் செலவு வந்து சேமிப்பைத் துடைத்துவிட்டுப் போய்விட்டது. அதனால் பயணம், விடுதி, டிக்கெட் எதுவும் வேண்டாம், பிள்ளைகளோடு வீட்டிலேயே ஜாலியாக இருந்துவிடுவோம் என்று முடிவு செய்தோம். முதல் மாதம் முடிந்து கணக்குப் பார்த்தால், போன வருஷம் பயணத்துக்குச் செலவழித்ததில் பாதிக்கு மேல் வீட்டுக்குள் உட்கார்ந்தபடியே கரைந்திருந்தது. எங்கே போனோம் என்று காட்ட ஒரு போட்டோகூட இல்லை. இதையெல்லாம் முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியதால்தான் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டு நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன். மகளுக்கு 12 வயது, மகனுக்கு 8. கணவருக்கு வெளியூரில் வேலை, வாரக் கடைசியில்தான் வருவார். எனக்கு வீட்டிலிருந்தே வேலை, அதாவது மற்றவர்கள் பார்வையில் நான் 'வீட்டில் சும்மா' இருக்கிறேன். மாமியார் கூடவே இருக்கிறார், பிள்ளைகள் மேல் உயிர், ஆனால் முழங்கால் வலி, எட்டு வயதுப் பையன் பின்னால் அவரால் ஓட முடியாது. ஆக திங்கள் முதல் வெள்ளி வரை ஒரு லேப்டாப், இரண்டு பிள்ளைகள், நான். முதல் நாலைந்து நாள் நன்றாகத்தான் போனது. அப்புறம் காலை பத்து மணிக்கே ஆரம்பித்தது, "அம்மா, போர் அடிக்குது."

ஒரு ராத்திரி எல்லாரும் தூங்கினபிறகு வங்கி ஆப்பைத் திறந்துவைத்துக்கொண்டு மகளின் பழைய கணக்கு நோட்டில் ஒவ்வொன்றாக எழுத ஆரம்பித்தேன். பெரிய தொகை என்று எதுவுமே அதிகம் இல்லை, அதுதான் வயிற்றெரிச்சல். நொறுக்குத் தீனி ஆர்டர், அதற்கு டெலிவரி கட்டணம், ஒரு பொம்மை, ஐஸ்கிரீம், இன்னொரு டெலிவரி கட்டணம், ஒரு படம் பார்க்கிற ஆப்புக்குச் சந்தா. தொகைக்குப் பக்கத்தில் நேரமும் இருந்ததால் அதையும் சேர்த்து எழுதிக்கொண்டே போனேன். பாதிப் பக்கம் வந்தபோதுதான் கண்ணில் பட்டது. கிட்டத்தட்ட எல்லாமே மத்தியானம் இரண்டு மணியிலிருந்து ஐந்து மணிக்குள். காலையில் பிள்ளைகள் தாமதமாக எழுந்து ஏதாவது விளையாடிக்கொள்கிறார்கள், சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் வெளியே ஓடிவிடுகிறார்கள். நடுவில் இருக்கிற அந்த மூன்று மணி நேரம் வெயிலுக்குப் பயந்து கதவை அடைத்துக்கொண்டு உள்ளே கிடக்கிறோம், அதே நேரத்தில்தான் எனக்கு மீட்டிங்கும். யாராவது ஒருவர் அழுவார், நான் எதையாவது ஆர்டர் செய்து வாயை அடைப்பேன். ஒரு மாதமாக நான் காசு கொடுத்து அமைதி வாங்கிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். நீங்களும் ஒரு வாரம் செலவை நேரத்தோடு எழுதிப் பாருங்கள். உங்கள் வீட்டில் அது ராத்திரி ஒன்பது மணியாக இருக்கலாம், ஞாயிற்றுக்கிழமை காலையாக இருக்கலாம். எந்த நேரத்தில் ஓட்டை என்று தெரிந்தால் அந்த நேரத்துக்கு மட்டும் வழி பார்த்தால் போதும், வீடு முழுக்கக் கஞ்சத்தனம் பிடிக்க வேண்டியதில்லை.

சின்னச் செலவுகளுக்கு நடுவில் மூன்று பெரிய அடியும் விழுந்தது. முதலாவது கோடைக்கால வகுப்பு. விடுமுறை தொடங்கிய வாரமே, சீக்கிரம் சேர்ந்தால் தள்ளுபடி என்று சொன்ன ஓர் ஓவிய வகுப்பில் மகனைச் சேர்த்தேன், முழுக் கட்டணமும் முன்பணமாக. அங்கே ஐந்து வயதும் பதினான்கு வயதும் ஒரே அறையில். இவன் சில நாள் போனான், அப்புறம் வாசலிலேயே உட்கார்ந்துகொண்டு வரமாட்டேன் என்று ஒரே பிடிவாதம். பணத்தைக் கேட்டால், ரசீதுக்குப் பின்பக்கம் பாருங்கள் மேடம் என்றார்கள். பார்த்தேன், பொடி எழுத்தில் இருந்தது. அதற்கும் முன்னால் வண்ணம், தூரிகை, அட்டை என்று தனியாக ஒரு பில் வேறு போட்டிருந்தார்கள். வகுப்பில் சேர்ப்பவர்கள் தயவுசெய்து ஒரு நாள் சும்மா உட்காரவைத்துப் பார்க்கக் கேளுங்கள். ஒழுங்காக நடத்துகிறவர்கள் மறுக்கமாட்டார்கள், மறுத்தால் அதுவே ஒரு பதில்தான். எந்த வயதுப் பிள்ளைகளோடு உட்காரவைப்பார்கள், பொருட்களுக்குத் தனிப் பணமா, நடுவில் நின்றால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும், இந்த மூன்றையும் வாயால் கேட்டால் போதாது, மெசேஜிலாவது எழுத்தில் வாங்கிவையுங்கள். முழு விடுமுறைக்கும் கட்டாமல் இரண்டு வாரத்துக்கு மட்டும் கட்டமுடியுமா என்று கேளுங்கள், தள்ளுபடி போனால் போகட்டும்.

இரண்டாவது அடி, என் போன். மீட்டிங்கில் இருக்கும்போது அவன் கையில் போனைக் கொடுத்துவிடுவேன், ஏதோ கட்டடம் கட்டுகிற விளையாட்டு, இலவசம்தானே என்று. அதற்குள் வைரக்கல், தங்கக்காசு என்று விற்கிறார்கள், என் கார்டு போனிலேயே சேமித்து இருக்கிறது, ஒவ்வொரு முறையும் சின்னச் சின்னத் தொகை. ரசீதெல்லாம் நான் திறந்தே பார்க்காத மெயிலுக்குப் போய்க்கொண்டிருந்தது. தெரிந்தபோது மொத்தமாகச் சேர்ந்து ஒரு மாதப் பால் செலவைத் தாண்டியிருந்தது. கத்தினேன். அவன் பயந்துபோய், "அது கேம்ல இருக்கிற காசும்மா, நம்ம காசு இல்ல" என்றான். அவன் பொய் சொல்லவில்லை, நிஜமாகவே அப்படித்தான் நினைத்திருக்கிறான். உடனே விண்ணப்பித்ததில் கடைசியாக வாங்கியதற்கு மட்டும் பணம் திரும்ப வந்தது, பழையதெல்லாம் போனதுதான். பிள்ளைகள் கையில் போன் போகிற வீடுகளில் இன்றைக்கே இதைச் செய்துவிடுங்கள். ஆண்ட்ராய்டில் கூகுள் பிளேயின் அமைப்புகளுக்குள் போனால், ஒவ்வொரு முறை வாங்கும்போதும் கடவுச்சொல்லோ விரல்ரேகையோ கேட்கும்படி வைக்கலாம். ஐபோனில் ஸ்கிரீன் டைம் பகுதிக்குள் ஆப்புக்குள் வாங்குவதையே மொத்தமாக அடைத்துவிடலாம். பிள்ளைகளின் விரல்ரேகையை உங்கள் போனில் பதிந்து வைத்திருந்தால் அழித்துவிடுங்கள். இன்னொன்று, பலருக்குத் தெரியாதது: ஆப்பை நீக்கினால் சந்தா நிற்காது. சந்தாக்கள் பட்டியலில் போய்த் தனியாக ரத்து செய்தால்தான் நிற்கும். நான் நீக்கிவிட்டேன் என்று நிம்மதியாக இருந்த ஓர் ஆப் எனக்குத் தெரியாமல் பணம் எடுத்துக்கொண்டே இருந்தது. இலவசச் சோதனைக் காலம் என்று சேர்ந்தால், முடிகிற தேதிக்கு இரண்டு நாள் முன்னால் அலாரம் வையுங்கள்.

மூன்றாவது, காற்றடிக்கிற நீச்சல் தொட்டி. மொட்டைமாடியில் போட்டு நிரப்பினால் தினமும் ஒரு மணி நேரம் ஓடிவிடும் என்று கனவு. நிரப்பத் தொடங்கியதும் கணவர் போனில் ஒரே ஒரு கேள்வி கேட்டார், எத்தனை லிட்டர் பிடிக்கும் என்று. கணக்குப் போட்டோம். 2 மீட்டர் அகலமான வட்டத் தொட்டியில் 30 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் விட்டால் 940 லிட்டர் வருகிறது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. ஏறக்குறைய ஒரு டன்னை மாடித் தரையில் ஏற்றி வைக்கப் பார்த்திருக்கிறேன்! உடனே குழாயை மூடி, கணுக்கால் அளவோடு நிறுத்தினோம். அதிலும் பிள்ளைகளைத் தனியாக விடமுடியாது, கொஞ்சத் தண்ணீரில்கூடச் சின்னப் பிள்ளைகள் மூழ்கிவிடுவார்கள். ஆக எனக்குக் கிடைக்க வேண்டிய ஒரு மணி நேர ஓய்வு, ஒரு மணி நேரக் காவல் வேலையாக மாறியது. ஒட்டுப் போட்ட இடத்தில் காற்று இறங்கி, இப்போது அது பரணில் மடங்கிக் கிடக்கிறது. ஒரு வாளித் தண்ணீர், ஒரு பழைய துணி, நனைந்தாலும் பரவாயில்லாத ஒரு தரை, இதிலேயே அவர்களுக்கு அதே சந்தோஷம் கிடைத்தது.

மின்சாரம் இன்னொரு மாதிரி. அதன் பில் வரும்போது விடுமுறையே முடியப்போகும், அதற்கப்புறம் சிக்கனம் பேசி என்ன பயன்? பள்ளி நாட்களில் பகலில் காலியாக இருக்கிற அறைகளிலெல்லாம் இப்போது ஆள் இருக்கிறார்கள், ஆளுக்கொரு அறையில் மின்விசிறி, டிவி, நடுவில் ஏசி. நான் செய்தது, மகனுக்கு மீட்டர் படிக்கச் சொல்லிக் கொடுத்தேன். 1000 வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். 1500 வாட் ஏசி முழு வேகத்தில் ஒரு மணி நேரம் இழுப்பதில் 75 வாட் மின்விசிறியை 20 மணி நேரம் ஓட்டலாம் என்று அவனே வகுத்துப் பார்த்துவிட்டு வீடு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான். அப்புறம் யாராவது ஃபிரிட்ஜைத் திறந்துவைத்துக்கொண்டு என்ன சாப்பிடலாம் என்று யோசித்தால் பையன் பின்னாலேயே நின்று கணக்குச் சொல்வான், பாட்டியைக்கூட விடவில்லை. மின்விசிறி அறையைக் குளிர்விக்காது, நம் மேல் காற்றை வீசி வியர்வையை ஆற்றுகிறது, அவ்வளவுதான், ஆளில்லாத அறையில் ஓடினால் தண்டச் செலவு. காலையிலேயே வெயில் படுகிற பக்கத்து ஜன்னல்களைத் திரைபோட்டு மூடி, ராத்திரி வெளிக்காற்று குளிர்ந்ததும் எல்லாவற்றையும் திறந்துவிட்டோம். ஏசி வேண்டிய நேரத்தில் எல்லாரும் ஒரே அறைக்கு வந்துவிட வேண்டும் என்று ஒரு சட்டம். வெப்ப அளவை ஒரு டிகிரி கூட்டிவைத்தாலே சுமார் 6 சதவீத மின்சாரம் குறையும் என்கிறார்கள், 26-இல் வைத்து மின்விசிறியையும் மெதுவாக ஓடவிட்டோம். ஆனால் கடும் வெயில் நாளில் வயதானவர்களையும் சின்னப் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு சிக்கனம் பார்க்காதீர்கள். 40 டிகிரிக்கு மேல் போனால் மின்விசிறி சூடான காற்றைத்தான் வாரி இறைக்கும், உடம்புச் சூடு இன்னும் ஏறும்.

சரி, இரண்டாவது மாதம் என்ன செய்தோம்? வீட்டில் மிச்சமிருந்த விடுமுறைப் பணத்தை வாரவாரியாகப் பிரித்து ரொக்கமாகக் கவரில் போட்டு, அந்தக் கவரைப் பிள்ளைகளிடமே கொடுத்துவிட்டேன். மாதக் கணக்காக வைத்தால் முதல் வாரத்திலேயே தீர்ந்துவிடும், அனுபவம் பேசுகிறது. ஐஸ்கிரீமா, வெளியே ஒரு நாளா, புதுப் பந்தா, நீங்களே முடிவு செய்யுங்கள், மிச்சமிருந்தால் அடுத்த வாரத்தோடு சேரும், தீர்ந்தால் தீர்ந்ததுதான். முதல் வாரம் பெரிய சண்டை. மகன் முதல் நாளே முழுவதையும் செலவழிக்க வேண்டும் என்றான், மகள் ஒரு பைசா எடுக்கவிடமாட்டேன் என்று கவரைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கினாள். நான் தலையிடவில்லை. இரண்டு மூன்று வாரத்தில் அவர்களுக்குள் ஏதோ ஒப்பந்தம் வந்துவிட்டது. முக்கியமாக, 'அம்மா வாங்கித் தா' என்பது நின்று, 'கவர்ல எவ்வளவு இருக்கு' என்று பேச ஆரம்பித்தார்கள். ரொக்கம் முக்கியம், போனில் இருக்கிற பணம் குறைவது அவர்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை.

ஆனால் கவரைவிட எங்களைக் காப்பாற்றியது அந்த மூன்று மணி நேரத்துக்கு ஒரு வழி செய்ததுதான். நாள் முழுக்க அட்டவணை போட்டுப் பார்த்தேன், ஒட்டவே இல்லை, வீடே பள்ளிக்கூடம் மாதிரி ஆகி எல்லாருக்கும் எரிச்சல். அதனால் காலையையும் சாயங்காலத்தையும் அவர்கள் போக்கில் விட்டுவிட்டு, இரண்டு முதல் ஐந்து வரை மட்டும் முந்தின ராத்திரியே ஏதாவது தயார் செய்து வைத்தேன். அதில் நன்றாகப் பலித்தது இருட்டறை. வெளியே நல்ல வெயில் அடிக்கிற ஜன்னலைக் கறுப்புத் துணி, அட்டை எதையாவது வைத்து ஒரு துளி வெளிச்சம் வராமல் அடைக்க வேண்டும், கதவிடுக்கையும் விடக்கூடாது. அட்டையின் நடுவில் விரல் நுழைகிற அளவுக்கு ஒரே ஒரு ஓட்டை. கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தால் முதலில் ஒன்றுமே தெரியாது, மகன் "ஏமாத்திட்டீங்க" என்று ஆரம்பித்தான். கண் இருட்டுக்குப் பழக ஐந்து பத்து நிமிஷம் ஆகும். அப்புறம் எதிர்ச் சுவரில் மெதுவாக எங்கள் தெருவே தெரிந்தது, வண்ணத்தோடு, தலைகீழாக. வானம் கீழே, சாலை மேலே, ஒருவர் சைக்கிளில் கூரையை ஒட்டித் தலைகீழாகப் போகிறார், எதிர்வீட்டுக் கொடியில் ஒரு சிவப்புத் துணி ஆடுகிறது. நேர்க்கோட்டில் வருகிற ஒளி சின்ன ஓட்டைக்குள் நுழையும்போது மேலேயிருந்து வருவது கீழேயும் கீழேயிருந்து வருவது மேலேயும் விழுகிறது, அவ்வளவுதான் விஷயம். ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே இப்னு அல்-ஹைதம் இதை வைத்து ஒளியைப் பற்றி ஆராய்ந்திருக்கிறார் என்று சொன்னேன், யாரும் காதில் வாங்கவில்லை. ஓட்டையைச் சின்னதாக்கினால் படம் தெளிவாகிறது ஆனால் மங்குகிறது என்று மகளே கண்டுபிடித்து, விதவிதமான ஓட்டை போட்ட அட்டைகளாகவே ஒரு வாரம் ஓட்டினாள். வெள்ளைத்தாளைப் பிடித்து அதில் விழுகிற தெருவை அப்படியே வரைந்தான் என் மகன், வகுப்புக்குப் போகமாட்டேன் என்றவன்! செலவு, ஒரு ரோல் ஒட்டுநாடா. ஓட்டை வழியாகச் சூரியனைப் பார்க்கக்கூடாது என்பதை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஸ்டோரிவீவர் என்று ஒரு தளம், 2015-இல் தொடங்கியது, தமிழ் உட்படப் பல மொழிகளில் படங்களோடு சிறுவர் கதைகள் இலவசம், அக்கா தம்பிக்குக் குரல் மாற்றி வாசிப்பாள். சர்வதேச விண்வெளி நிலையம் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் 90 நிமிஷத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றுகிறது, இருட்டத் தொடங்கும் நேரத்திலோ விடியலுக்கு முன்போ வெறும் கண்ணாலேயே நகர்கிற நட்சத்திரம் போலத் தெரியும், உங்கள் ஊர் மேல் எப்போது வரும் என்று நாசா இலவசமாகவே சொல்கிறது. கடக ரேகைக்கும் மகர ரேகைக்கும் நடுவில் இருப்பவர்களுக்கு வருஷத்தில் இரண்டு நாள் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, நிமிர்த்தி வைத்த பாட்டிலுக்கு நிழலே இருக்காது, அந்தத் தேதியைத் தேடிப் பாருங்கள், ஒரு நாள் முழுக்க அதைப் பற்றியே பேசலாம். சீட்டுக்கட்டு ஒன்று போதும், மாமியார் இத்தனை அழகாக ஏமாற்றுவார் என்று எனக்கு இத்தனை வருஷம் தெரியாது.

இதிலெல்லாம் காசைவிட அதிகம் செலவானது நான்தான், அதையும் சொல்லிவிட வேண்டும். மற்றவர்கள் மலை, கடல் என்று போட்டோ போடும்போது வந்த பொறாமையை மறைக்கப் போவதில்லை, ஒரு கட்டத்தில் அந்த ஆப்பையே இரண்டு வாரம் மூடிவைத்தேன். வெள்ளிக்கிழமை ராத்திரி வந்து இறங்கின கணவர், "பரவாயில்லை, நீங்கள் எல்லாரும் வீட்டிலேயே ஜாலியாக இருக்கிறீர்கள்" என்றபோது தட்டைக் கொஞ்சம் சத்தமாகவே வைத்தேன். பிறகு உட்கார்ந்து பேசினோம். சனிக்கிழமை காலை முழுக்க அவர் பொறுப்பு, நான் எங்கே போகிறேன் என்று யாரும் கேட்கக் கூடாது. முதல் சனிக்கிழமை நூலகத்துக்குப் போய் மேஜையில் தலைவைத்துத் தூங்கிவிட்டு வந்தேன். வீட்டில் விடுமுறை கழிக்கத் திட்டம் போடுகிறவர்கள் வீட்டில் யாருக்கு விடுமுறை கிடையாது என்று முதலிலேயே கேட்டு, அவருக்கும் வாரத்தில் சில மணி நேரம் எழுதிவைத்துவிடுங்கள். என்னைப் போல ஒரு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தால் கோபம் பிள்ளைகள் மேல்தான் விழும், அப்புறம் அதைச் சரிக்கட்ட ஒரு பொம்மை வாங்குவோம், அதுவும் செலவுதான்.

இரண்டாவது மாதச் செலவு முதல் மாதத்தில் பாதிக்கும் கீழே வந்தது. பள்ளி திறக்கிற செலவுகள் பற்றி ஒரே ஒரு விஷயம் சொல்லி முடித்துக்கொள்கிறேன். தள்ளுபடி என்று விடுமுறை ஆரம்பத்திலேயே மகனுக்குப் பள்ளிக்கூட ஷூ வாங்கிவைத்தேன், திறப்பதற்கு முந்தின வாரம் போட்டுப் பார்த்தால் விரல் முட்டுகிறது. பில்லைக் காட்டியும் மாற்றித் தரவில்லை, ஒரு மாதக் கெடுவாம். புத்தகப் பை, தண்ணீர் பாட்டில், நோட்டெல்லாம் முன்னாலேயே வாங்குங்கள். ஷூவும் சீருடையும் கடைசி வாரம், சாயங்கால நேரத்தில், காலுறை போட்டு அளவு பார்த்து வாங்குங்கள். நாளின் கடைசியில் பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும், அப்போது சரியாக இருந்தால்தான் நாள் முழுக்கக் கடிக்காது. அந்தச் சின்ன ஷூ இன்னும் புதுசாகவே பெட்டியில் இருக்கிறது, யார் வீட்டிலாவது ஆறேழு வயதுப் பையன் இருந்தால் கொடுத்துவிடுவேன்.